சித்தன்னவாசலுக்குப் பிறகு?

ஓவியக் கலையிலே தமிழன் ஓங்கி நின்றான் என்று மேடையில் முழங்கும் நண்பர்கள், முழக்கம் முடிந்ததும் விரல் நீட்டிக் காட்டுவது ஒரு குன்றினை. புதுக்கோட்டை நகரிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவு. வெயிலிலே காயும் பாறை. அதன் சரிவிலே ஒரு குடைவரை. உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தால் விதானத்திலே ஒரு தாமரைக் குளம்! இலைகளுக்கிடையே மீன் துள்ளுகிறது. எருதும் யானையும் நீரில் இறங்கி நிற்கின்றன. கொய்த மலரைத் தண்டோடு தோளில் சாய்த்தபடி ஆடவர் நிற்கின்றனர். தூணிலே ஆடல் மகளின் கை இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது. சாந்து உதிர்ந்து, வண்ணம் மங்கி, பாதி அழிந்துபோன நிலையிலும் பார்ப்பவர் வாயடைத்து நிற்கும் எழில் அது.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் நாளில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பான் இக்குடைவரையைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. (ஆசிரியன் என்ற சொல்லைக் கண்டதும் நம் இனத்தான் என்றொரு செருக்கு எனக்கு வரத்தான் செய்கிறது. அவன் சமண ஆசிரியன், மாதச் சம்பளம் வாங்காதவன் என்பது வேறு செய்தி!) புதுப்பித்தவன் பெயர் கல்லில் நிற்கிறது. தூரிகை பிடித்தவன் பெயர்? இல்லை.

சரி, அதற்குப் பிறகு? ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் கடந்துவிட்டனவே, இந்த மண்ணிலே வண்ணம் குழைத்தவர் எவரும் இல்லையா? இன்று வாழும் தமிழ் ஓவியர் ஐவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று படித்தவர் கூடிய அவையிலே கேட்டுப் பாருங்கள். திரைப்பட நடிகர் ஐம்பதின்மர் பெயர் அருவிபோல் கொட்டும். ஓவியர் பெயரென்றால் இரண்டாவதற்கே நா தடுமாறும். பழம்பெருமை பேசும் வாய்க்கு, நிகழ்காலத்தைக் காணும் கண் இல்லாமற் போனது ஏன்? காண்பதற்கு இடமில்லை என்பதே என் விடை.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1910ஆம் ஆண்டு, தொண்டைமான் மன்னர் ஆட்சியிலே, சமஸ்தானத்தின் செலவிலே தொடங்கப்பட்டது. 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது; திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1974 சனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகள் மாறின, அருங்காட்சியகம் நின்றது. விலங்கியல், நிலவியல், மானிடவியல், காசு, வாள், செப்புத்திருமேனி, கல்வெட்டு, ஓவியம் என்று பிரிவுகள் பல. அரிய செல்வம்! குறைகூற நான் எழுதுகோலை எடுக்கவில்லை. இரவி வர்மாவின் தூரிகைக்கு மன்னர் இராமச்சந்திர தொண்டைமான் அமர்ந்த சீமை இது. மன்னரின் தலைப்பாகை மணி வண்ணத்தில் ஒளிர்ந்தது. ஆனால் மன்னர் காலம் முடிந்த பின்னர் மக்கள் காலம் பிறந்ததே, அந்தக் காலத்தின் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் எனத் தனியே நிற்கும் பொதுக்கூடம் இம்மாவட்டத்தில் எங்கே?

மாவட்டம் கிடக்கட்டும், தலைநகரின் நிலை என்ன? எழும்பூரில் 1851இல் பிறந்த அருங்காட்சியக வளாகத்திலே, செம்மணற்கல்லால் எழுப்பிய விக்டோரியா நினைவு மண்டபம் 1909இல் திறக்கப்பட்டது. விடுதலைக்குப்பின், 1951இல், அதற்குத் தேசியக் கலைக்கூடம் என்று பெயர் சூட்டினர். பெயர் பெரியது, கட்டடமோ இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிசல் கண்டு, ஆண்டுகள் பல பூட்டியே கிடந்தது. அதே வளாகத்தில் இக்காலக் கலைக்கென ஒரு கூடம் உண்டு. வெண்கலச் சிலை காண வரும் கூட்டத்தில் பத்திலொருவர் அந்தப் பக்கம் திரும்பினால் வியப்பு.

ஒன்றிய அரசு தில்லியிலே, செய்ப்பூர் மாளிகையிலே, தேசிய நவீன கலைக்கூடத்தை 1954 மார்ச் 29ஆம் நாள் திறந்தது. மும்பைக்கு 1996இல் ஒரு கூடம் வந்தது. பெங்களூருக்கு 2009இல் வந்தது. அதுவும் மாணிக்கவேலு மாளிகை என்று தமிழ்ப் பெயர் தாங்கிய கட்டடத்திலே! சென்னைக்கு? நாடெங்கும் நடந்த ஓவியப் புரட்சியிலே தென்னகத்தின் தலைவாயிலாக நின்ற நகரம் சென்னை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி, இந்நாட்டின் கலைப்பள்ளிகளுள் மூத்தவற்றில் ஒன்று. அந்த நகருக்குத் தில்லியின் கூடம் கிளை விடவில்லை. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற பழைய முழக்கத்தை இங்கே பொருத்த ஆசைதான். பெங்களூர் குறுக்கே நிற்கிறது. ஆகவே அந்த முழக்கத்தை விட்டுவிட்டு, கேளாதவர்க்குக் கிடைக்காது என்ற எளிய கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் கேட்டோமா?

அமிர்தா சேர்கில் என்னும் பெண் ஓவியர் தென்னாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1937இல் எழுதிய ஓவியங்களுள் ஒன்று 'பிரம்மச்சாரிகள்'. வெள்ளை வேட்டி, மார்பிலே பூணூல், ஒட்டி ஒட்டி அமர்ந்தும் ஒருவரையொருவர் தொடாத தனிமை. பகைத்தும் எழுதவில்லை, பணிந்தும் எழுதவில்லை; உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார். நம் இயக்கம் ஆயிரம் மேடைகளில் விளக்கிய ஒரு சமுதாய அமைப்பை, ஒரு சொல்லும் பேசாமல் எண்ணெய் வண்ணத்தில் காட்டிய படம் அது. தெற்கைப் பார்த்து எழுதியது, இருப்பது தில்லியிலே. புதுக்கோட்டைச் சிற்றூர்ப் பள்ளி மாணவன் அதனைக் காண வேண்டுமாயின், இரண்டு இரவு இரயிலில் உறங்க வேண்டும்.

"ஓவியக்கூடம் என்பதே மேனாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களைப் பரிபாடலின் பக்கம் திருப்புகிறேன். திருப்பரங்குன்றத்திலே ஓவியம் எழுதிய மண்டபம் ஒன்று இருந்ததாக அந்நூல் காட்டுகிறது. மலைக்கு வந்த மக்கள் சுவரைப் பார்த்துக் கேட்கின்றனர்: இது யார், அது என்ன என்று. உடன் வந்தவர் விடை கூறுகின்றனர்: இவன் காமன், இவள் இரதி, அதோ அகலிகை, பூனையாய் ஓடுகிறவன் இந்திரன்! (தேவர் தலைவனின் ஒழுக்கம் அன்றைக்கே சுவரேறிவிட்டது, பாருங்கள்.) கதை நமக்கு வேண்டாம், அந்தக் காட்சி வேண்டும். படத்தின் முன்னே நின்று கேட்பதும், அருகிருப்பவர் சொல்வதும், சேர்ந்து நகைப்பதும் தமிழனுக்குப் பழைய வழக்கம். இன்றைய கூடங்கள் பலவற்றிலே கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. சுவரிலே ஒரு சிறு அட்டை; அதிலே ஆங்கிலத்தில் பெயர், ஆண்டு, 'கலப்பு ஊடகம்' என்ற பொருளுடைய இரண்டு சொற்கள். வடமொழியில் மந்திரம் ஓதினால் எங்களுக்கு விளங்கவில்லை என்று போர்க்கொடி தூக்கினோம். ஆங்கிலத்தில் அட்டை தொங்கினால் மட்டும் பணிந்து தலையாட்டிவிட்டு வெளியேறுகிறோமே, அது எந்த வகைத் தன்மானம்?

இன்னொன்று, இதனைவிடக் கனத்தது. இம்மாவட்டத்தின் வாழும் சிற்பம் எங்கே நிற்கிறது? அய்யனார் கோயில்களிலே. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் குதிரை 30 அடிக்கு மேல் உயரம்; மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகள் மலைபோலக் குவியும். அறந்தாங்கி வட்டாரத்திலே வேளார்கள் களிமண்ணைப் பிசைந்து, வைக்கோலும் மணலும் கலந்து, கால் தனி உடல் தனி என எழுப்பி, வைக்கோலும் வறட்டியும் மூடிச் சுட்டெடுக்கும் குதிரைகள், உலகத்துச் சிற்பிகளை வியக்கச் செய்பவை. உள்ளே கூடாக, வெளியே வீறாக, கழுத்தை உயர்த்தி நிற்கும் அந்த வடிவத்தை எந்தக் கல்லூரி கற்பித்தது? தந்தை கையைப் பார்த்து மகன் கற்றான்.

ஆனால் அதனைக் காணப் போகிறவன் கோயில் எல்லையைத் தாண்டியாக வேண்டும். யார் தாண்டலாம்? 1947ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோரும் என்கிறது. 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலே மலம் கலந்திருக்கக் கண்டனர். விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், அந்த நாளிலேதான், இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அம்மக்களை அழைத்துச் சென்றார்; அதுகாறும் அவர்களுக்கு அங்கே தடை! சட்டம் பிறந்து 75 ஆண்டுகளுக்குப் பின்னர்! பக்தி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. அங்கே பக்தியோடு கலையும் பூட்டப்பட்டுக் கிடந்தது. தன் ஊர்ச் சிற்பத்தைத் தன் ஊரான் கிட்டநின்று பார்க்கச் சாதி தடுக்கும் நாட்டிலே, நுழைவுச் சீட்டு வாங்கிய எவனும் எதன் முன்னும் நிற்கலாம் என்ற பொதுக்கூடம் ஒரு சமுதாயச் சீர்திருத்தம். சுவரும் விளக்கும் பிறகு. முதலில் அந்தக் கதவு. அங்கே முதல் மரியாதை இல்லை, பரிவட்டம் இல்லை, எவருக்கும் விலகி நிற்க வேண்டிய கோடு இல்லை. கோடு உண்டானால் அது ஓவியத்தைக் கை படாமல் காக்கும் கயிறு. அமைச்சருக்கும் அதே கயிறுதான்.

இந்த இடத்தில் கலைப் புலவர் சிலர் மூக்கைச் சுளிப்பர். "மண் குதிரை கைவினை, திரைச்சீலை ஓவியம் கலை. இரண்டையும் ஒரே கூடத்தில் வைப்பதா?" என்பர். தில்லியிலே அப்படித்தான் பிரித்தனர். தமிழகத்து அய்யனார் குதிரைகள் கைவினை அருங்காட்சியகத்தில் வெட்டவெளியில் நிற்கின்றன. கையெழுத்திட்ட ஓவியங்கள் செய்ப்பூர் மாளிகையில் குளிர்ந்த கூடத்தில் தொங்குகின்றன. கலைக்குள்ளும் வருணாசிரமம்! கல்லூரிச் சான்று பெற்றவன் படைத்தால் கலை, குலத்தொழிலாகச் செய்தவன் படைத்தால் வினை. இவ்வாண்டு சூளையிலிருந்து இறங்கிய குதிரை இக்காலப் படைப்பு இல்லையென்றால், இக்காலம் என்பதற்குப் பொருள்தான் என்ன? படைத்தவனுடைய பெயரை அட்டையில் எழுதுங்கள். சித்தன்னவாசல் ஓவியனுக்குச் செய்யாததை, இந்த நூற்றாண்டின் குயவனுக்கேனும் செய்யலாம்.

இனித் திரைச்சீலைக்கு வருவோம். அங்கேயும் நமக்கு வழக்கு உண்டு.

சென்னைக் கலைக்கல்லூரிக்கு 1930 முதல் 1957 வரை தலைமை தாங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்கத்தவர். அவர் படைத்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினா கடற்கரையில் நிற்கிறது. நால்வர் ஒரு பாறையை நெம்புகின்றனர். 1923இல் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடிய அதே சென்னைக் கடற்கரையில், கடவுளருக்கு உரியதென்று எண்ணியிருந்த பீடத்திலே கூலியாளை ஏற்றினார் சிற்பி. சீட்டில்லை, வாயிலில்லை; நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் காணும் கலைக்கூடம் அது. போற்றுகிறேன். எனினும் ஒரு குறை: அந்த நால்வரும் களைப்பறியாத மல்லர்கள், தசை முறுக்கிலே மேனாட்டுச் சிற்பத்தின் சாயல். நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைக்கும் ஆளின் விலா எலும்பு அதில் இல்லை. சல்லி சுமக்கும் பெண் அறவே இல்லை.

அவருக்குப் பின் 1957 முதல் பத்தாண்டுகள் கல்லூரி முதல்வராயிருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1963 முதல் அவர் எழுதிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைக் காணும் பகுத்தறிவாளன் முதலில் சினம் கொள்வான். சாதகக் கட்டம்! மந்திரத் தகடு போன்ற வடிவம்! ஓலைச்சுவடிபோல் நெருக்கி எழுதிய வரிகள்! பெரியார் ஊர் ஊராகச் சென்று சோதிடத்தைச் சாடிய அதே ஆண்டுகளில், அரசுக் கல்லூரி முதல்வர் சாதகத்தைச் சட்டமிட்டு மாட்டினாரா? நாம் இடித்ததை இவர் எழுப்பினாரா?

சினம் தணிந்தபின் அந்த வரிகளைப் படிக்க முயலுங்கள். மலையாளம் போலிருக்கும், தமிழ் போலிருக்கும். ஒரு சொல்லும் தேறாது. எழுத்தின் உருவம் உண்டு, பொருள் கழற்றப்பட்டிருக்கிறது. கட்டத்திலே கோள்கள் இல்லை, கணக்கிலே விடை இல்லை. படிக்க முடியாத சாதகம் எந்தப் பெண்ணின் திருமணத்தையும் தடுக்காது. ஓவியம் எழுதுதல் என்பது நம் மொழியின் வழக்கு. அந்த வழக்கையே பிடித்து, எழுதி எழுதி எழுத்தின் அதிகாரத்தை உரித்துவிட்டார் என்று நான் காண்கிறேன். இந்த வகையில் அவர் நமக்குப் பகைவரல்லர். ஆயினும் முழு நண்பருமல்லர். கட்டத்தின் அழகை அவர் கண்டார். அந்தக் கட்டத்துக்குள் செவ்வாய்க் குற்றம் என்று சிறைப்பட்டு முப்பது வயதைத் தாண்டியவளைக் காணவில்லை. அவரைப் பின்பற்றிய சிலர் கட்டத்தையும் தகட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டார் விரும்பும் 'கீழைநாட்டு மறைபொருள்' வணிகம் நடத்தியது தனிக்கதை. அதற்கு இவ்வளவு இடமே மிகை.

சிற்பி எஸ். தனபால் பெரியாரின் தலையை உருவமாக வடித்தவர். திருச்சிப் பக்கத்துக் கீழக்குறிச்சியில் 1938இல் பிறந்த கே. எம். ஆதிமூலம் கோட்டோவியத்திலே காந்தியாரை நூறு வகையாகத் தேடினார். கூடத்துக்குள் காலடி வைக்காத தமிழர்கூட அவருடைய கோட்டை அறிவர். ஏனெனில் நூல் அட்டைகளிலும் சிற்றிதழ்களிலும் அவர் எழுதினார், தமிழெழுத்தின் வடிவத்தையே அட்டைமேல் புதிதாக நிறுத்தினார். கூடம் மக்களிடம் வராதபோது ஓவியர் இதழ்வழி வந்தார்.

இனி நம்மை நாமே கேட்க வேண்டிய வினா. 1967இல் ஆட்சி நம் இயக்கத்தின் கைக்கு வந்தது. 1968 சனவரியில், உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, மெரினாவிலே வள்ளுவர், இளங்கோ, கண்ணகி, பாரதிதாசன் என்று சிலைகள் வரிசையாய் எழுந்தன. 1975இல் மாநில அரசின் ஓவிய நுண்கலைக் குழு அமைந்தது. நல்லவை. ஆனால் சிலை எழுப்பும் ஆர்வத்திலே காற்பங்கு கூடம் எழுப்புவதில் இருந்ததா? சிலை நம் தலைவரைக் காட்டும், வணங்கவோ மாலையிடவோ அழைக்கும்; கூடம் நம்மையே வினவும், விடை சொல்லாமல் அனுப்பும். முன்னதில் நமக்கு நாட்டம் மிகுந்ததைக் கண்டு பெரியாரின் தொண்டர் நாண வேண்டும்.

அரசு செய்யாததை ஓவியர்களே செய்தனர். 1966இல் பணிக்கரும் தோழர்களும் மாணவர்களும் சேர்ந்து, மெழுகுச் சாயத் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணத்திலே, ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரம் மணல்மேட்டை வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். 2009இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கென நிலையான காட்சிக்கூடமும் கண்டனர். ஒரு தலைமுறையின் நினைவு, அந்தத் தலைமுறையினரின் சொந்த மணலிலே காக்கப்படுகிறது. பெருமைதான். கருவூலம் வைத்திருக்கும் மாநிலத்துக்கு அது பெருமையா?

ஆகவே கேட்பது பெரிதன்று. திருக்கோகர்ணத்திலே ஓர் அறை போதும். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளிலிருந்தும், எழும்பூர்க் கிடங்கிலிருந்தும் ஆறு திங்களுக்கொரு முறை பத்துப் படங்கள் வரட்டும், திரும்பட்டும். நடுவிலே அறந்தாங்கி வட்டாரத்து மண் குதிரை ஒன்று, வடித்தவர் பெயரோடு. அட்டை தமிழில் இருக்கட்டும். ஓவியம் என்ன 'சொல்கிறது' என்று எழுதி மாணவனின் கண்ணைக் கட்ட வேண்டாம், எதனால் எழுதப்பட்டது, எவர், எந்த ஆண்டு, எந்தச் சூழலில் என்று எழுதினால் போதும். பரிபாடல் காலத்துக் கேள்வியைக் கேட்டால் விடை சொல்ல, அண்மைப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களை விடுமுறை நாட்களில் அமர்த்தலாம். கையில் கரிக்கோல் இருந்தும் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தோரணம் எழுதுவதே தொழிலாகிப் போன அவர்களுக்கும் அது மறுவாழ்வு.

நேரத்தையும் மாற்ற வேண்டும். அரசு அருங்காட்சியகம் காலை திறந்து மாலை 5 மணிக்கு அடைபடுகிறது. வயலிலும் குவாரியிலும் இருப்பவன் கை கழுவும் நேரம் அதுதான். வார விடுமுறை வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டையில் ஆட்டுச் சந்தை கூடுவதும் வெள்ளிக்கிழமை! சுற்றுவட்டாரத்துச் சிற்றூரெல்லாம் நகருக்குள் வந்து நிற்கும் ஒரே நாளிலே அருங்காட்சியகத்தில் பூட்டுத் தொங்குகிறது. அந்தப் பூட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்ற ஓர் ஆணை போதும். கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம், தில்லியின் இசைவும் வேண்டாம்.